மளிகைக் கடைக்குள் நின்றுவிட்ட லாரி

மலேசியாவில் இறங்கியதும் நான் கேட்ட முதல் தமிழ்ப் பேச்சு ஒரு மரணச் செய்தி போல இருந்தது.

சுங்கை பட்டாணி விடுதியில் பெட்டியைக் கூடத் திறக்கவில்லை. தொலைபேசி அடித்தது. எடுத்தால் ஓர் ஆண் குரல், மிகவும் பணிவாக.

"மேடம், தாயரப் பாக்கத்தானே இந்தியாவுலேர்ந்து வந்திருக்கீங்க? தாயர் கடையிலயே கெடக்கு மேடம். யாரும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. ஒரு மாசமா அப்பிடியே இருக்கு."

"எப்படி ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"மழையில வழுக்கிருச்சு மேடம்."

"வயசு?"

"புதுசுதான். போன வருசந்தான் மாத்துனாங்க."

அம்மாவை எப்படி மாற்றுவார்கள் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. மலாயில் டயருக்குத் தாயர் என்று பெயர். இந்தக் கெடா மாநிலத்தில் தமிழரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் முனியாண்டி அண்ணன், லாரி ஓட்டுநர். நான் பார்க்க வந்தது அவருடைய லாரியைத்தான்.

கோயம்புத்தூரில் கனரக வண்டிகளுக்கு டயர் செய்யும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. சுரங்கம், காடு, தோட்டம் என்று ஒழுங்கான சாலை இல்லாத இடங்களில் ஓடும் வண்டிகளின் டயர்கள். எங்காவது வண்டி சறுக்கினால், கவிழ்ந்தால், குற்றம் டயருடையதா என்று போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த முறை கெடாவில் ஒரு செம்பனைத் தோட்டம், அதாவது எண்ணெய்ப்பனை. பெயரை வெளியே சொல்லாதே என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். எனவே தோட்டம் என்றே வைத்துக்கொள்வோம்.

நடந்தது இது. மலைச்சரிவிலிருந்து பழக்குலைகளை ஏற்றி வந்த ஆறு சக்கர லாரி, தொழிலாளர் வீடுகளுக்கு இறங்கும் தார்ச் சாலையில் சறுக்கி, சாலைமுனை மளிகைக் கடைக்குள் புகுந்துவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. முனியாண்டி பிரேக்கே பிடிக்கவில்லை என்றது நிர்வாகம். டயர்காரர் வந்து பார்க்கும்வரை வண்டியை அசைக்கக் கூடாது என்றது காப்பீட்டு நிறுவனம். எங்கள் பொது மேலாளர் என்னை வழியனுப்பும்போது, "டிரைவர் தப்புன்னு வந்தா எல்லாருக்கும் நிம்மதி" என்றார். அந்த எல்லாருக்குள் டிரைவர் இல்லை.

மறுநாள் காலை வாடகைக் காரில் கிளம்பினேன். ஓட்டியவர் பெண்டாங் ஊர்க்காரர், மலாய்ப் பெரியவர். வேலைக்காக இந்தப் பக்கத்துத் தீவுகளுக்குப் போய்ப் போய் எனக்கு மலாய் ஓரளவு பழக்கம். வழியெல்லாம் தன் தம்பியின் வயலில் நாரை இறங்கும் கதையைச் சொல்லி வந்தார். தார்ச் சாலை முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் பட்டென்று நிறுத்திவிட்டார். காலையில்தான் காரைக் கழுவினாராம். "இதற்கு மேல் என் மனசு இடம் கொடுக்காது" என்று மலாயில் சொன்னார். கோயம்புத்தூரில் கார் ஓட்டுபவர்களுக்கு மனசு பற்றிய இந்தத் தெளிவு கிடையாது. சேற்றில் இறக்கிவிட்டுப் பிறகுதான் நம்மைத் திட்டுவார்கள்.

பின்னால் வந்த டிராக்டர் என்னை ஏற்றிக்கொண்டது. இழுவைப் பெட்டியில் உர மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, கையில் டயர் காற்றழுத்தமானியோடு, தோட்டத்துக்குள் நுழைந்தேன். வீட்டு வாசல்களில் நின்றவர்கள் கும்பிட்டார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் கும்பிட்டேன். ஊரே என்னை எதிர்பார்த்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கடையைப் பார்த்தேன். இத்தனை வருட வேலையில் அப்படியொரு விபத்து நடந்த இடத்தை நான் பார்த்ததில்லை.

லாரியின் முன்பாதி கடைக்குள், பின்பாதி வெளியே. வண்டியைச் சுற்றி வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. பம்பரில் வாழைத்தார் தொங்கியது. பக்கக் கண்ணாடியிலிருந்து ஷாம்பு பொட்டலங்கள் சரம் சரமாக ஆடின. என்ஜின் மூடியின் மேல் நாளிதழை விரித்துத் தக்காளியும் கத்திரிக்காயும் அடுக்கியிருந்தார்கள். யாரோ லாரியின் நெற்றிக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒரு பெண் முன் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்து நுழைந்து, "சரசு அக்கா, அரை கிலோ சீனி" என்றார்.

"முனியாண்டி, அரை கிலோ!" என்றார் கல்லாவில் இருந்த அம்மாள்.

லாரியின் ஓட்டுநர் ஜன்னல் இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு கை, சீனிப் பொட்டலத்தை நீட்டியது.

கடைக்காரி சரசு அக்கா அறுபதை நெருங்கிய, உருண்டையான, குரல் பெரிய மனுஷி. என்னைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி, பசியாறிட்டீங்களா?" என்றார். இந்த ஊரில் காலை உணவுக்குப் பசியாறுதல் என்று பெயர். நம் ஊரில் டிபன் என்ற வெறும் சொல்லாகிவிட்ட ஒன்று இங்கே இன்னும் ஒரு நிம்மதியாக இருக்கிறது. இல்லை என்றதும் வாழையிலைத் துண்டில் நாசி லெமாக் வந்தது: தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே நெத்திலி போட்ட மிளகாய்ச் சம்பல், பாதி முட்டை. என்ஜின் மூடியில் தக்காளியைத் தள்ளி எனக்கு இடம் செய்தார்கள். ஆய்வு செய்யவேண்டிய வண்டியின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"லோரிக்குள்ள ஏன் சீனி?" என்று கேட்டேன்.

"எறும்பு ஏற மாட்டேங்குது தங்கச்சி. இத்தன வருசத்துல எறும்பில்லாத சீனி இப்பதான் விக்கிறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உண்மையச் சொல்லிடறேன். எம்பொண்ணு கூலிம் ஹைடெக்குல ஒரு பேக்டரியில வேல பாக்குறா. அவ இதப் படம் புடிச்சுப் போட்டா. அதுலேர்ந்து எங்கெங்கேர்ந்தோ வராங்க, லோரியோட நின்னு படம் எடுக்குறாங்க, தண்ணி வாங்கிக் குடிக்குறாங்க. நீங்க நல்லாப் பாருங்க. பொறுமையாப் பாருங்க. அவசரமே இல்லலா." பேச்சின் கடைசியில் ஒரு "லா" ஒட்டுவது இந்த ஊர் வழக்கம்.

முனியாண்டி அண்ணன் இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், ஒடிசலான ஆள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். வீட்டில் இருக்க முடியாமல் தினமும் இங்கே வந்து தன் இருக்கையிலேயே உட்கார்ந்துவிடுகிறார். சரசு அக்கா அவரைச் சீனிக்குப் பொறுப்பாக்கிவிட்டார். பேசும்போது அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருப்பதைக் கவனித்தேன். அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும்.

"என் மேலதான் தப்பு மேடம்" என்றார்.

இந்த வேலையில் யாரும் என்னிடம் இப்படித் தொடங்கியதில்லை.

"பிரேக் புடிச்சீங்களா?"

"புடிச்சேன்னுதான் நெனச்சேன். ஆனா இந்தத் தாயரப் பாருங்க, எவ்ளோ பெரிய பல்லு. இது எப்பிடி வழுக்கும்? பழைய தாயர்ல பல்லே சின்னது, ஒரு நாளும் வழுக்குனதில்ல. அப்ப என் காலுதான் ஏதோ பண்ணிருக்கு. அழுத்துறதா நெனச்சு அழுத்தாம இருந்துட்டேன் போல."

தன் காலையே நம்பாத மனிதர். இரவில் தூக்கத்திலும் மிதிப்பதாக அவர் மனைவி சொல்கிறாராம்.

மூன்றாம் நாள் சின்ன மேனேஜர் ஹபிஸ் வந்தார். தோட்டத்துக்கு வந்து அதிக நாளாகாத மலாய் இளைஞர், நாகரிகமானவர். எல்லாரும் அவரை என்சிக், அதாவது ஐயா, என்றே அழைத்தார்கள். முனியாண்டி பிரேக் பிடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டேன். சாலையில் பிரேக் தடம் எதுவுமே இல்லை என்று பெரிய மேனேஜர் சொல்வதாகச் சொன்னார். நனைந்த தாரில் தடம் விழாது. கூரைக்கு அடியில் நனையாத கடை வாசல் சிமெண்டில் விழுந்திருக்குமே என்று தேடினால், வாசல் பளிச்சென்று இருந்தது.

"கறுப்பா கோடு கோடா இருந்துச்சு தங்கச்சி" என்றார் சரசு அக்கா பெருமையாக. "ஆசிட் ஊத்தி மூணு நாள் தேச்சேன். எப்பிடி மினுங்குது பாத்தீங்களா?"

இருந்த ஒரே சாட்சியத்தை ஆசிட் ஊற்றி அழித்திருக்கிறார். ஆனால் இன்னொன்று இருந்தது. உருளும் டயர் சுற்றிலும் ஒரே அளவாகத் தேயும். பிரேக் இறுகி, உருளாமல் நின்று தரையில் இழுபட்ட டயர் ஒரே இடத்தில் தேயும். அந்த இடம் இப்போது சக்கரத்துக்கு அடியில், தரையைத் தொட்டபடி ஒளிந்திருக்கும். வண்டியைத் தூக்க வேண்டும்.

"தூக்கவா?" சரசு அக்கா பதறினார். "வாழப்பழம் ஆடுமேலா! மேல கூரை வேற லோரி மேல சாஞ்சிருக்கு."

கூரையின் ஒரு விட்டம் லாரியின் தலையில் உட்கார்ந்திருந்தது உண்மைதான். லாரி கடையை இடித்ததா, கடையைத் தாங்குகிறதா என்று யாரும் இதுவரை கேட்டிருக்கவில்லை. விட்டத்துக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்தோம். வாழைத்தார், ஷாம்பு, தக்காளி, சீனி எல்லாம் வாசலுக்கு வந்தன. வாடிக்கையாளர்கள் அங்கேயே நின்று வாங்கினார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜாக்கியோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். முன் சக்கரம் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பியது.

"சுத்துங்க அண்ணே" என்றேன்.

முனியாண்டி அண்ணன் சக்கரத்தைக் கையால் சுற்றினார். பெரிய பெரிய பற்கள், சேறு காய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தரையோடு ஒட்டியிருந்த இடம் மேலே வந்தபோது எல்லாருக்கும் தெரிந்தது. அங்கே மட்டும் பற்கள் இழைப்புளியால் சீவியதுபோல மழமழவென்று இருந்தன.

"இது உருண்டு வந்த சக்கரம் இல்லை" என்றேன் ஹபிஸிடம். "இறுகிப்போய் இழுபட்டது. இவர் முழு பலத்தோட பிரேக் புடிச்சிருக்கார்."

ஹபிஸ் கைபேசியில் படமெடுத்தார். சரசு அக்கா கைதட்டினார். முனியாண்டி அண்ணன் மட்டும் அந்த மழமழப்பை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"புடிச்சேன். சரி. அப்ப ஏன் நிக்கல?"

நான் சொல்லிப் பார்த்தேன். "பந்து வெளையாடுற ஷூ இருக்குல்ல, அடியில குமிழ் குமிழா? அதப் போட்டுக்கிட்டுச் சேத்துல ஓடலாம். நனைஞ்ச வழவழப்பான தரையில நடந்திருக்கீங்களா?"

"என் தம்பி நடந்தான். முன்பல்லு ரெண்டும் போச்சு" என்றார் சரசு அக்கா.

"அதேதான். சேத்துல இந்தப் பல்லு உள்ள இறங்கிக் கடிக்கும். தாரு கடிபடாது. அங்க பல்லோட நுனி மட்டுந்தான் தரையத் தொடும். பல்லுக்கு நடுவுல இருக்கற எடமெல்லாம் சும்மா காத்து. போதாததுக்கு மலையிலேர்ந்து அப்பிக்கிட்டு வந்த களிமண்ணு. சின்னப் பல்லு நெருக்கமா இருந்தா தொடுற ரப்பர் அதிகம், அதனால புடிப்பும் அதிகம்."

முனியாண்டி அண்ணன் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. படித்தவர்கள் மரியாதைக்குச் சொல்லும் ஆறுதல் என்று நினைத்திருப்பார். கால் அழுத்திக்கொண்டேதான் இருந்தது.

சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. இந்த லாரிக்கு எப்போதுமே இதே வகை டயர்தான், எதுவும் மாற்றவில்லை என்று பெரிய மேனேஜர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அவரை நான் கடைசிவரை நேரில் பார்க்கவேயில்லை. அவர் எப்போதும் ஹபிஸின் கைபேசிக்குள்ளேயே இருந்தார். பழைய டயர்கள் எங்கே என்று கேட்டேன். தோட்டத்துக்கு மீன் கொண்டுவரும் பாக் மாட் என்பவர் படகுத் துறைக்கென்று வாங்கிப்போனார் என்றார் முனியாண்டி அண்ணன். எந்தத் துறை? தஞ்சோங் டாவாய்.

அதனால் அடுத்த நாள் ஒரு மீன் வண்டியில் பயணம். முன்னிருக்கையில் பாக் மாட், நான், நடுவில் எங்களைக் கேட்காமல் ஏறிய ஒரு பூனை. பின்னால் காலி மீன் பெட்டிகளோடு முனியாண்டி அண்ணன். சன்னலுக்கு வெளியே ஜெராய் மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. பூனை என் காற்றழுத்தமானியை நக்கிப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு தூங்கிவிட்டது.

மெர்போக் ஆறு கடலில் சேரும் இடம் தஞ்சோங் டாவாய். காற்றெல்லாம் காயும் நெத்திலியின் வாடை. துறையின் மரப்பலகைக்கு வெளிப்புறம், படகுகள் மோதாமலிருக்க, டயர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எங்களுடையதைக் கண்டுபிடித்தோம். ஆனால் அதன் முகம் தண்ணீர்ப் பக்கம் இருந்தது. நான் பலகையில் குப்புறப் படுத்து, தலையைக் கீழே விட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. என் கணுக்காலை முனியாண்டி அண்ணன் தொடத் தயங்கவே, நெத்திலி உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு மலாய்ப் பெண்கள் வந்து ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன விழுந்துவிட்டது?" என்று மேலே யாரோ மலாயில் கேட்பது கேட்டது.

"ஒன்றும் விழவில்லை. இந்தியாவிலிருந்து நம்ம பழைய டயரைப் பார்க்க வந்திருக்கிறார்."

"அங்கே டயர் இல்லையா?"

"பாவம்."

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. கோயம்புத்தூர். பொது மேலாளர். "என்னம்மா, டிரைவர் தப்புதானே?"

"சார், நான் இப்ப கடலுக்கு மேல தலைகீழாத் தொங்கிட்டிருக்கேன். அப்புறம் பேசறேன்."

"எப்பவும் இப்படி மிகைப்படுத்தறதே உன் வழக்கம்" என்று வைத்துவிட்டார்.

டயரில் சிப்பி ஒட்டியிருந்தது. சுரண்டினேன். நெருக்கமான கட்டங்கள், கட்டங்களுக்குள் மெல்லிய கீறல்கள், தண்ணீரை வெளியேற்றும் ஓடைகள். மண்ணுக்கும் தாருக்கும் பொதுவானது. பக்கவாட்டில் பெயரைப் படித்தேன். எங்கள் நிறுவனம் செய்ததுதான். ஆக, சரியான டயரும் எங்களுடையது, பொருந்தாத டயரும் எங்களுடையது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கழற்றிவிட்டு, எந்த மலையானாலும் ஏறும் என்று சொல்லிப் பெரிய பல்லை மாட்டிவிட்டிருக்கிறார் எங்கள் விற்பனையாளர்.

மதியம் துறையருகே ஒரு கடையில் சுட்ட மீன். மஞ்சளும் மிளகாயும் தடவி வாழையிலையில் பொதிந்து சுட்டது, புளிக்கரைசலில் தொட்டுத் தின்ன. காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. பாக் மாட் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். பழைய டயர் கிடைத்த மகிழ்ச்சி என்று நினைத்து என் தோளைத் தட்டி, வேண்டுமானால் எடுத்துப் போகச் சொன்னார்.

துறையில் நான் எடுத்த படங்களை ஹபிஸ் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "சரி, டயர் மாறியிருக்கிறது. ஆனால் புதியது மட்டமானது என்பதை எப்படி நம்புவது? எனக்கு இன்னும் இது ஓட்டுநர் விஷயமாகத்தான் படுகிறது" என்றார். அதே மாதிரி இன்னொரு லாரி தோட்டத்தில் இருந்தது, அதற்கும் பெரும்பல் டயர்கள்தான். ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். "நானே ஓட்டுகிறேன்" என்றார். கனரக உரிமம் வைத்திருந்தார். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

சோதனை நாளன்று மழை வரவில்லை. அதுவரை தினமும் என்னை நனைத்த மழை, தேவைப்பட்ட ஒரே நாளில் எங்கோ போய்விட்டது. தோட்டத்துத் தண்ணீர் வண்டியைக் கொண்டுவந்து சரிவை நனைத்தார்கள். போதவில்லை. வீடுகளிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டார்கள், குடை பிடித்தார்கள். சரசு அக்கா துருவிய ஐஸில் பாகு ஊற்றி ஐஸ் கச்சாங் போட்டு விற்றார். கடைக்கு முன்னால், எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் வெறுங்குலைகளை ஆளுயரத்துக்குக் குவித்துத் தடுப்புப் போட்டேன். சாலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அங்கே பிரேக் பிடிக்க வேண்டும். வேகம் மாட்டு வண்டிக்குச் சற்று மேல், அவ்வளவுதான் என்று ஹபிஸிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

லாரி குலைகளோடு மலையிலிருந்து களிமண்ணை அப்பிக்கொண்டு இறங்கியது. மெதுவாகத்தான் வந்தது. கோட்டில் பிரேக் விளக்கு எரிந்ததை நூறு பேர் பார்த்தோம். சக்கரங்கள் நின்றன. லாரி நிற்கவில்லை. சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல், ஹபிஸின் வாய் திறந்தபடி இருக்க, எங்களைக் கடந்து போனது. ஸ்டியரிங்கை அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றுவது தெரிந்தது. வண்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. குடைகள் சிதறின. "என் கடை! மறுபடியும் என் கடை!" என்று சரசு அக்கா அலறினார். குலைக் குவியலில் மோதி, குவியலையும் தள்ளிக்கொண்டு போய், ஏற்கெனவே நின்ற லாரியின் வாலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

ஹபிஸ் இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை, நேராக முனியாண்டி அண்ணனைப் பார்த்துப் போனார்.

"நான் பிரேக் பிடித்தேன்" என்றார் மலாயில். "சத்தியமாகப் பிடித்தேன்."

"தெரியும் என்சிக்" என்றார் முனியாண்டி அண்ணன். "நானுந்தான்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல நின்றார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

மதியத்துக்குமேல் எங்கள் விற்பனையாளரின் கிடங்கிலிருந்து நெருக்கப்பல் டயர்கள் வந்து சேர்ந்தன. அதே வண்டியில் மாட்டி, காற்றையும் அளந்து சரிபார்த்து, அதே சரிவு, அதே தண்ணீர், அதே ஹபிஸ். இந்த முறை அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினார், குதிக்க வசதியாக. கோட்டில் பிடித்தார். கொஞ்சம் இழுத்து, குவியலுக்கு வெகு தொலைவிலேயே நின்றுவிட்டது. வேடிக்கை பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். "இவ்ளோதானா?" என்றார் ஒருவர்.

ஆனால் கதை அத்தோடு முடிந்துவிடாது என்பதையும் காட்ட வேண்டியிருந்தது. அதே வண்டியை மலைமேல் செம்மண் ஏற்றத்துக்கு அனுப்பினேன். பாதியில் பின்புறம் கன்றுக்குட்டி போல ஆட்டம் போட்டு, ஏற முடியாமல் நின்றது. பெரும்பல் டயர் ஏறிய ஏற்றம் அது. எல்லா இடத்துக்கும் உதவும் டயர் என்று உலகில் இல்லை. மேலே சேற்றில் டிராக்டர் இழுக்கட்டும், லாரி கெட்டியான சாலையோடு நிற்கட்டும், தாருக்கு இறங்குமுன் சக்கரத்து மண்ணைக் கழுவட்டும் என்று சொன்னேன். தொலைபேசிக்குள்ளிருந்த பெரிய மேனேஜர் ஏதோ மறுத்தார். "ஐயா, நானே ஓட்டினேன். நிற்கவில்லை. ஓட்டுநரை வேலைக்கு அழைக்கப் போகிறேன்" என்று ஹபிஸ் சொல்லி வைத்துவிட்டார்.

நானும் கோயம்புத்தூருக்கு, பொது மேலாளரிடம் பேசினேன். டயரில் குறையில்லை, டிரைவரிடமும் குறையில்லை, அந்த இடத்துக்கு அந்த டயரை விற்றதுதான் தவறு, விற்றது நாம் என்றேன். "ஊருக்கு வா, பேசிக்கலாம்" என்றார். அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் லாரியை வெளியே எடுத்தார்கள். கூரைக்கு நிரந்தரமாகக் கம்பங்கள் நட்டாயிற்று. முனியாண்டி அண்ணன் ஓட்ட மறுப்பார் என்று பயந்தேன். "பின்னால போறதுக்கு எனக்குப் பயமில்ல மேடம், முன்னால போறதுக்குத்தான்" என்று ஏறி உட்கார்ந்தார். லாரி அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கியது. வெளிச்சம் கடைக்குள் மெல்ல மெல்லப் புகுந்தது. முழுக்க வெளியே வந்ததும், சரசு அக்கா காலியான நடுவிடத்தில் போய் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அடேயப்பா" என்றார். "என் கடை இவ்ளோ பெருசாலா!"

நான் கிளம்ப வேண்டிய காலையில் தூறல். முனியாண்டி அண்ணனின் லாரிக்கும் புதிய டயர்கள் மாட்டியாகிவிட்டது, முதல் சுமையோடு இறங்க வேண்டும். கடை வாசலில் வண்டிக்கு எதிரே நின்று அவர் ஏறாமலே இருந்தார். ஹபிஸ் பொறுமையாக மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். "நானும் வரேன் அண்ணே" என்று பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். உள்ளே இன்னும் சீனி வாசனை.

மேலே கெட்டியான சாலை முடியும் இடத்தில், டிராக்டர் கொண்டுவந்த குலைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். சக்கரத்து மண்ணைக் கழுவிவிட்டுத் தாரில் இறங்கினோம். நனைந்த சாலை கீழே பளபளத்தது. அதன் கடைசியில் கடை. கடை வாசலில் சரசு அக்கா, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தேவைப்பட்டால் லாரியைத் தள்ளிவிடுவது போல நின்றிருந்தார். முனியாண்டி அண்ணன் கியரைக் குறைத்தார். சரிவின் நடுவில், திருப்பம் எதுவும் இல்லாத, எதிரே யாரும் வராத இடத்தில், திடீரென்று பிரேக்கை மிதித்தார்.

குலைகள் ஒரு முறை முன்னால் சரிந்து அடங்கின. லாரி நின்றது.

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கால் பிரேக்கின் மேல் அப்படியே இருந்தது, அசையாமல்.

"நிக்குது" என்றார்.

"நிக்குது அண்ணே."

பின்னால் வந்த ஹபிஸ் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார். என்ன ஆயிற்று, ஏதாவது கோளாறா, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று மலாயில் படபடத்தார்.

முனியாண்டி அண்ணன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஒண்ணுமில்ல என்சிக்" என்றார். "சும்மா நிறுத்திப் பாத்தேன்."